ஏன் போனீர்கள்? எங்கே எழுதினீர்கள்?

(அமெரிக்காவில் சிறுதொழில் நடத்தும் தமிழர்களின் கூட்டமொன்றில் 2026 ஜனவரியில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை மாலையில் வரியைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லியும் இந்த மண்டபம் நிறைந்திருக்கிறது. காரணம் என் பேச்சல்ல, ஜனவரி மாதம். இன்னும் சில வாரங்களில் 2025ஆம் ஆண்டின் கணக்கைத் தூக்கிக்கொண்டு நீங்கள் கணக்காளரிடம் போக வேண்டும். போனதும் அவர் கேட்பார்: "தொழிலுக்காக எத்தனை மைல் ஓட்டினீர்கள்?" நீங்கள் கூரையைப் பார்ப்பீர்கள். பிறகு, "ஒரு பன்னிரண்டாயிரம் இருக்கும், போட்டுக்கொள்ளுங்கள்" என்பீர்கள்.

அந்தப் பன்னிரண்டாயிரத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. சொந்தக் காரைத் தொழிலுக்கு ஓட்டுகிறவர் அந்த மைல்களை வரிக்கணக்கில் எப்படிக் கழிப்பது? எது கழியும், எது கழியாது? கழித்ததை நாளைக்கு ஒரு அதிகாரி வந்து கேட்டால் எதைக் காட்டுவது?

சட்டம் பெரியது. விதிகள் பல பக்கம். ஆனால் அத்தனையையும் பிழிந்தால் இரண்டே கேள்விகள்தான் மிஞ்சும். ஏன் போனீர்கள்? எங்கே எழுதினீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருப்பவருக்கு அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். அனுப்பும் கடிதம் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். பதில் இல்லாதவருக்கு அது பேரிடி.

முதலில் ஒரு கசப்பான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நிறுவனத்திடம் டபிள்யூ-2 சம்பளப் படிவம் வாங்குகிற சம்பளக்காரர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள். பாதிக்கு மேல் இருக்கிறீர்கள். உங்களில் பெரும்பாலோருக்கு மத்திய வரியில் இந்தக் கழிவு கிடையாது. அலுவலக வேலைக்காகச் சொந்தக் காரை ஓட்டி, நிறுவனம் அதற்குப் பணம் தராவிட்டாலும் கிடையாது. 2017இல் நிறைவேறிய வரிச்சட்டம் 2018 முதல் அந்தக் கதவைச் சாத்தியது. 2025இல் வந்த சட்டம் அதற்குப் பூட்டே போட்டுவிட்டது. கலிபோர்னியா, நியூயார்க், பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்களின் வரியில் மட்டும் இன்னும் இடம் உண்டு. ஆகவே சம்பளக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்றே: நிறுவனத்திடம் கேளுங்கள். முறையாகப் பயணக் கணக்கைக் கொடுத்து, ஐ.ஆர்.எஸ். அறிவிக்கும் மைல் விகிதத்துக்கு மேற்படாமல் நிறுவனம் திருப்பித் தருகிற பணத்துக்கு வரி இல்லை.

அப்படியென்றால் இந்தக் கழிவு யாருக்கு? சுயதொழில் செய்கிறவர்களுக்கு. வீட்டுமனை முகவர்களுக்கு, ஊபர் ஓட்டுகிறவர்களுக்கு, கேட்டரிங் செய்கிறவர்களுக்கு, பரதநாட்டியமும் பாட்டும் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு, கல்யாண மேடை அலங்காரம் செய்கிறவர்களுக்கு. 2015இல், துணையாக வந்தவர்களுக்கான எச்-4 விசாவில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி வந்தது. அதற்குப் பிறகு நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் சிறுதொழில் தொடங்கியிருக்கிறார்கள்! அவர்களுடைய தொழிலுக்கு முதல் சொத்தே அந்த வீட்டுக் கார்தான். இந்தப் பேச்சு முதலில் அவர்களுக்கு.

இந்தக் கழிவு எவ்வளவு பெறும்? 2025க்கு ஐ.ஆர்.எஸ். அறிவித்த விகிதம் மைலுக்கு 70 சென்ட். பத்தாயிரம் தொழில் மைல் என்றால் 7,000 டாலர். உடனே "ஏழாயிரம் கைக்கு வரும்" என்று நினைத்துவிடாதீர்கள். ஏழாயிரம் உங்கள் லாபத்தில் குறையும். குறைந்த லாபத்துக்கு வரி குறையும். சுயதொழில் செய்கிறவருக்கு வருமான வரியோடு 15.3 சதவீதம் சுயதொழில் வரியும் உண்டல்லவா? இரண்டும் இறங்கும். 12 சதவீத வரிப்படியில் இருப்பவர் ஏறத்தாழ 1,600 முதல் 1,800 டாலர் வரை மிச்சப்படுத்துவார். மாநில வரி தனி. மைலை எழுதி வைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இந்தப் பணத்தை விட்டுவிடலாமா?

சரி, முதல் கேள்விக்கு வருவோம். ஏன் போனீர்கள்?

கவனியுங்கள், சட்டம் தூரத்தைக் கேட்கவில்லை, காரணத்தைக் கேட்கிறது. நூறு மைல் ஓட்டியும் ஒரு சென்ட் கழியாமல் போகலாம். இரண்டு மைல் ஓட்டி இரண்டும் கழியலாம்.

ஒரு வழக்கறிஞரின் கதையைக் கேளுங்கள். பெயர் ஃபிளவர்ஸ். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரத்தில் வீடு. வேலை பார்த்த ரயில் நிறுவனத்தின் தலைமையகமோ அலபாமாவின் மொபைல் நகரத்தில். வீட்டை மாற்ற அவருக்கு மனமில்லை. ஜாக்சனுக்கும் மொபைலுக்குமாக அலைந்தார். 1939, 1940 ஆண்டுகளின் பயணச் செலவைக் கழித்துக் காட்டினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1946இல் தீர்ப்பு வந்தது. அந்தப் பயணம் ரயில் நிறுவனத்தின் தேவைக்காக நடந்ததா? இல்லை. இவர் ஜாக்சனில் வாழ ஆசைப்பட்டதால் நடந்தது. ஆகவே கழிவு இல்லை.

இன்னொருவர் விமானி. ஃபாஸ்னர் என்று பெயர். "விமானி என்றால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதனால்தான் காரில் போகிறேன், கழிவு கொடுங்கள்" என்றார். 1973இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. பெட்டி இல்லாவிட்டாலும் வேலைக்குக் காரில்தானே போயிருப்பார்?

இந்த இரண்டு வழக்கிலிருந்தும் நமக்கு வரும் பாடம் என்ன? வீட்டிலிருந்து வழக்கமாக வேலை பார்க்கும் இடத்துக்குப் போவது தொழில் பயணம் அல்ல. திரும்பி வருவதும் அல்ல. எவ்வளவு தூரமானாலும் அல்ல. போகிற வழியெல்லாம் போனில் வாடிக்கையாளரோடு பேசினாலும் அல்ல. காரின் கதவில் உங்கள் கடையின் விளம்பரத்தை ஒட்டியிருந்தாலும் அல்ல!

அப்படியானால் எது கணக்கில் வரும்? ஒரு வேலையிடத்திலிருந்து இன்னொரு வேலையிடத்துக்குப் போவது வரும். வாடிக்கையாளரைப் பார்க்கப் போவது வரும். சரக்கு வாங்கப் போவது வரும். உங்களுக்கு வீட்டுக்கு வெளியே வழக்கமான வேலையிடம் ஒன்று இருந்தால், அதைத் தவிர்த்துத் தற்காலிகமான ஓர் இடத்துக்கு வீட்டிலிருந்தே நேராகப் போவதும் வரும்.

வீட்டிலேயே அலுவலகம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருங்கள். சோலிமன் என்ற மயக்க மருந்து நிபுணர் மூன்று மருத்துவமனைகளில் வேலை பார்த்தார். எந்த மருத்துவமனையும் அவருக்கு அறை தரவில்லை. வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, பில் போடுவது, கணக்கு எழுதுவது, போன் பேசுவது எல்லாம் அங்கேதான். "இதுவே என் தொழிலின் தலைமையிடம்" என்றார். 1993இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மருத்துவமனையில்தானே உண்மையான வேலை நடக்கிறது என்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1997இல் நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றியது. வேறு நிலையான இடத்தில் நிர்வாக வேலையைப் பெரிதாகச் செய்யாமல், அதற்கென்றே வீட்டில் ஓர் இடத்தை ஒதுக்கி, அதை வேறெதற்கும் பயன்படுத்தாமல் தொடர்ந்து தொழில் நடத்தினால், அதுவே தலைமையிடம். 1999 முதல் இது நடைமுறை. தலைமையிடம் வீடு என்றால், வீட்டு வாசலிலிருந்து வாடிக்கையாளரிடம் போகிற முதல் மைலே தொழில் மைல்!

ஆனால் ஒதுக்கிய இடம் என்றால் ஒதுக்கிய இடம். பகலில் கணக்கு எழுதி, இரவில் குடும்பம் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை ஆகாது.

இப்போது ஒரு நாளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? கேட்டரிங் செய்கிற ஓர் அம்மாவை வைத்துக்கொள்வோம். வாடகைக்குச் சமையல் கூடம் எடுத்திருக்கிறார். தினமும் அங்கேதான் வேலை. அன்றைக்கு ஒரு சீமந்த விசேஷத்துக்குச் சாப்பாடு.

காலையில் வீட்டிலிருந்து கூடத்துக்கு 8 மைல். இது வேலைக்குப் போகிற பயணம். கழியாது. கூடத்திலிருந்து மொத்தக் கடைக்குப் போய்க் காய்கறி வாங்க 12 மைல். கழியும். திரும்பக் கூடத்துக்கு 12. கழியும். மதியம் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு விசேஷ மண்டபத்துக்கு 20. கழியும். மாலையில் மண்டபத்திலிருந்து நேராக வீட்டுக்கு வந்தால் 15 மைல்தான். ஆனால் பிள்ளையை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரச் சுற்றியதில் 21 ஆகிவிட்டது. இப்போது என்ன செய்வது? மண்டபம் தற்காலிக இடம். அங்கிருந்து வீட்டுக்கு வரும் 15 கழியும். பிள்ளைக்காகச் சுற்றிய 6 சொந்தக் கணக்கு.

கார் ஓடியது மொத்தம் 73 மைல். தொழிலுக்கு 59. மைலுக்கு 70 சென்ட் வீதம் 41 டாலர் 30 சென்ட். ஒரே நாளில்! அந்த அம்மா இதை எழுதி வைத்திருப்பாரா? "ஒரு எழுபது மைல் இருக்கும்" என்று மொத்தமாகச் சொன்னால் 11 மைல் பொய்யாகிறது. "அதெல்லாம் யார் எழுதுவது" என்று விட்டால் 41 டாலர் கழிவு காற்றில் போகிறது. ஏன் போனீர்கள் என்று ஒவ்வொரு பயணத்தையும் தனியாகக் கேட்டால்தான் சரியான எண் கிடைக்கும்.

அடுத்து, கணக்குப் போட வழிகள் இரண்டு. ஒன்று, இப்போது சொன்ன மைல் விகிதம். இன்னொன்று, உண்மையான செலவு. பெட்ரோல், காப்பீடு, பழுது, டயர், பதிவுக் கட்டணம், தேய்மானம் எல்லாவற்றையும் கூட்டி, காரின் மொத்த ஓட்டத்தில் தொழில் ஓட்டம் எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதத்தைக் கழிப்பது.

எது லாபம்? ஒருவர் ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டுகிறார், அதில் 9,000 தொழிலுக்கு. அறுபது சதவீதம். அவருடைய மொத்தச் செலவு தேய்மானத்தோடு 8,400 டாலர் என்று வையுங்கள். அறுபது சதவீதம் 5,040. மைல் விகிதத்தில் போட்டால் 6,300. அவருக்கு மைல் விகிதமே மேல். இன்னொருவர் புது வேன் வாங்கி, தொழிலுக்கு மட்டுமே 5,000 மைல் ஓட்டுகிறார். ஆண்டுச் செலவு 9,000 டாலர். மைல் விகிதம் 3,500தான் தரும். அவருக்கு உண்மையான செலவுதான் மேல். எல்லோருக்கும் ஒரே விடை கிடையாது. இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

போட்டுப் பார்க்க வேண்டிய நேரம் முதல் ஆண்டு. சொந்தக் காரைத் தொழிலுக்கு இறக்கிய முதல் ஆண்டில் மைல் விகிதத்தை எடுத்தால், பின்னால் மாற்றிக்கொள்ள வழி உண்டு. முதல் ஆண்டிலேயே உண்மையான செலவை எடுத்தால் அந்தக் காருக்கு மைல் விகிதம் பிறகு கிடைக்காது. லீஸ் கார் என்றால் மைல் விகிதத்தைத் தொடங்கிய பிறகு லீஸ் முடியும்வரை அதுவே. ஒரே சமயத்தில் ஐந்து வண்டிகளோ அதற்கு மேலோ ஓட்டுகிறவருக்கு மைல் விகிதமே இல்லை.

இன்னும் இரண்டு செய்திகள். மைல் விகிதத்துக்குள் பெட்ரோல், காப்பீடு, பழுது, தேய்மானம் எல்லாம் அடக்கம். அதை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பில்லையும் தனியாகக் கழிக்கக் கூடாது. தொழில் பயணத்தின் டோலும் பார்க்கிங்கும் தனியே கழியும். பார்க்கிங் அபராதம் கழியாது! அடுத்தது, அந்த 70 சென்ட்டில் 33 சென்ட் தேய்மானம். பத்தாயிரம் மைல் கழித்தால் வரிக்கணக்கில் காரின் அடக்கவிலை 3,300 டாலர் இறங்குகிறது. நாளைக்கு அந்தக் காரை விற்கும்போது இந்தக் கணக்கு வந்து நிற்கும்.

ஆக, ஏன் போனீர்கள் என்பதற்குப் பதில் தயார். இரண்டாவது கேள்வி காத்திருக்கிறது. எங்கே எழுதினீர்கள்?

நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்துக்குப் போனவர்கள் அங்கே ஒரு மனிதரின் வெண்கலச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். ஜார்ஜ் எம். கோஹன். பிராட்வே நாடக மேடையின் மன்னர். அவர் பெயரில் ஒரு வரி வழக்கும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பயணத்துக்கும் விருந்துக்கும் தாராளமாகச் செலவழித்தார். கணக்கு வைக்கவில்லை. "ஏறத்தாழ இவ்வளவு" என்று கழித்தார். ஆதாரம் இல்லையென்று ஒரு டாலர்கூடத் தர மறுத்தது வரி வாரியம். 1930இல் மேல்முறையீட்டில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் வேறு விதமாகச் சொன்னார். செலவு நடந்திருப்பது தெரிகிறது. ஆகவே பூஜ்யம் சரியல்ல, இயன்றவரை மதிப்பிட்டுக் கொடுங்கள். ஆனால் கணக்கு வைக்காதது அவர் குற்றம், அதனால் மதிப்பீட்டில் கையை இறுக்கிக்கொள்ளலாம்.

இதைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் "ஏறத்தாழ" என்று எழுதியிருப்பார்கள்! பார்த்தது நாடாளுமன்றம். 1962இல் வெளியூர்ப் பயணத்துக்கும் விருந்துக்கும் மதிப்பீடு செல்லாது, ஆதாரம் வேண்டும் என்று சட்டம் போட்டது. 1984இல் காரையும் அதே கூண்டுக்குள் கொண்டுவந்தது. கொண்டுவந்ததோடு நிற்கவில்லை. பயணம் நடந்த அந்த நேரத்திலேயே எழுதிய பதிவேடு இருக்க வேண்டும் என்றது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. 1985 மே மாதம் நாடாளுமன்றம் அந்த ஒரு நிபந்தனையை மட்டும் திரும்பப் பெற்றது.

ஒரு நிபந்தனைதான் போனது. ஆதாரம் வேண்டும் என்ற விதி போகவில்லை. இன்றைக்கும் காருக்குக் கோஹன் தீர்ப்பு கைகொடுக்காது. போதிய பதிவேடு வேண்டும், இல்லையென்றால் உங்கள் சொல்லை உறுதிப்படுத்தும் வேறு ஆதாரம் வேண்டும். இரண்டும் இல்லையா? நீங்கள் ஓட்டியது உண்மையாகவே இருக்கட்டும், கழிவு பூஜ்யம்தான்.

நம் ஊர் மளிகைக் கடையில் கடன் நோட்டு இருக்கும், நினைவிருக்கிறதா? அண்ணாச்சி பருப்பை நிறுத்துக் கொடுத்த கையோடு நோட்டில் எழுதுவார். அதனால்தான் மாதக் கடைசியில் யாரும் அவரோடு சண்டை போடுவதில்லை. மாத முடிவில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதியிருந்தால் யார் நம்புவார்கள்?

வரிப் படிவமே உங்களைக் கேட்கிறது. சுயதொழில் கணக்குக்கான ஷெட்யூல் சி படிவத்தின் நான்காம் பகுதியைப் பாருங்கள். காரை எந்தத் தேதியில் தொழிலுக்கு இறக்கினீர்கள்? தொழிலுக்கு எத்தனை மைல், வேலைக்குப் போய்வர எத்தனை மைல், மற்றதற்கு எத்தனை மைல்? சொந்த உபயோகத்துக்கு உங்களுக்கோ துணைவருக்கோ வேறு கார் உண்டா? பிறகு வருகின்றன இன்னும் இரண்டு கேள்விகள். ஆதாரம் இருக்கிறதா? இருந்தால், அது எழுத்தில் இருக்கிறதா? ஆம், இல்லை என்று கட்டத்தில் குறி போட வேண்டும். முதன்மை வரிப் படிவத்தில், பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று கையெழுத்து. கூரையைப் பார்த்துச் சொன்ன பன்னிரண்டாயிரத்துக்கு நீங்கள் எந்தக் கட்டத்தில் குறி போடுவீர்கள்?

எழுத வேண்டியது மலையளவு அல்ல. நான்கு செய்திகள். தேதி. போன இடம். போன காரணம். மைல். அதோடு ஆண்டின் முதல் நாளும் கடைசி நாளும் ஓடோமீட்டர் எண். அவ்வளவுதான்.

தேதி எதற்கு என்று கேட்காதீர்கள். 2022இல் பெட்ரோல் விலை ஏறியது. ஜனவரியில் 58.5 சென்ட்டாக இருந்த விகிதத்தை ஜூலை 1 முதல் 62.5 ஆக உயர்த்தினார்கள். ஆண்டு மொத்தத்தை மட்டும் வைத்திருந்தவர் எந்த மைல் எந்தப் பாதியில் ஓடியது என்று எப்படிப் பிரிப்பார்?

காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள். "வேலை" என்று எழுதினால் ஒன்றும் விளங்காது. "விசேஷத்துக்குச் சாப்பாடு கொடுக்க", "வாங்குபவருக்கு வீடு காட்ட" என்று எழுதுங்கள். நோட்டில் எழுதலாம், எக்செல்லில் எழுதலாம், போனில் செயலி வைத்துக்கொள்ளலாம். செயலி தூரத்தைத் தானே அளந்துவிடும், காரணத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தினமும் முடியவில்லையா? வாரம் ஒரு முறை எழுதினாலும் அது காலத்தே எழுதியதாக விதியே ஏற்கிறது. ஓட்டம் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பவருக்கு இன்னும் சலுகை உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்துக்கு மட்டும் ஒழுங்காக எழுதி, மற்ற வாரங்களும் அப்படித்தான் என்று பில், காலண்டர் முதலியவற்றால் காட்டினால் போதும்.

ஆண்டுக் கடைசியில் ஒரே இரவில் எழுதிய பதிவேடு தானே காட்டிக்கொடுத்துவிடும். எல்லா நாளும் 20, 30, 50 என்று முழு எண்கள். கடை மூடியிருந்த நாளிலும் கடைக்குப் பயணம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயில் மாற்றிய ரசீதில் அன்றைய ஓடோமீட்டர் எண் அச்சாகியிருக்கிறது! அதிகாரி அந்த ரசீதைக் கேட்டு வாங்கி உங்கள் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? அதே ரசீது நேர்மையாக எழுதியவருக்குச் சாட்சி. சர்வீஸ் ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

நண்பர்களே, இது வரியை ஏய்க்கிற வித்தை அல்ல. நீங்கள் ஓட்டிய மைலில் உங்கள் பெட்ரோல் எரிந்தது, உங்கள் டயர் தேய்ந்தது. அதைக் கழித்துக்கொள்ளச் சட்டமே உரிமை தருகிறது. ஓட்டாத மைலைச் சேர்ப்பது தப்பு. ஓட்டிய மைலை விடுவது ஏமாளித்தனம். இரண்டிலிருந்தும் உங்களைக் காப்பது உங்கள் கையெழுத்தில் இருக்கிற பதிவேடு.

2025 போனது போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். காலண்டர், மின்னஞ்சல், ஆர்டர் புத்தகம், டோல் பட்டியல், சர்வீஸ் ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவை நிரூபிக்கிற மைலை மட்டும் எழுதுங்கள். நிரூபிக்க முடியாததை விட்டுவிடுங்கள். 2026க்கோ இன்றே தொடங்கலாம், ஆண்டு இப்போதுதான் பிறந்திருக்கிறது. இந்த ஆண்டின் விகிதம் என்னவென்று ஐ.ஆர்.எஸ். அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆண்டுதோறும் அது மாறும்.

வெளியே காப்பி தயாராக இருக்கிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். காப்பி குடித்துவிட்டுக் காரில் ஏறியதும், சாவியைத் திருப்புவதற்கு முன் போனை எடுத்து ஓடோமீட்டரை ஒரு படம் பிடியுங்கள். அடுத்த முறை நாம் சந்திக்கும்போது உங்களை நான் கேட்பேன்: ஏன் போனீர்கள், எங்கே எழுதினீர்கள்? பதிவேட்டை எடுத்து நீட்டுங்கள்.